கறி புகையில் இருக்கும்போது கரண்ட் போனால்

பெல்லட் கிரில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரித்துக் கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு, அதைப் புதிதாக வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி மசாலாவைப் பற்றியது, மீதி எந்த மரம் நல்லது என்பதைப் பற்றியது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டி யாரும் கேட்பதில்லை. போன பிறகுதான் கேட்கிறார்கள், அதுவும் ஃபோனில், பின்னாலிருந்து யாரோ "மூடியத் தொறந்து பாருங்கப்பா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது. மூடியைத் திறக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மதுரை பாண்டி கோவிலில் கிடா வெட்டிச் சமைக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. மூன்று கல், விறகு, அண்டா. கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன. நம்முடைய கிரில்லும் மரத்தைத்தான் எரிக்கிறது, ஆனால் அந்தத் தீக்குக் காற்றும் தீனியும் கரண்ட் வழியாகத்தான் போகிறது. ஹாப்பர் என்கிற பெட்டியில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்கிற திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுபோய், அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கிண்ணத்தில் போடுகிறது. இக்னைட்டர் கம்பி பழுக்கக் காய்ந்து அதைப் பற்றவைக்கிறது. ஃபேன் ஊதுகிறது. எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு ஊத வேண்டும் என்பதை கண்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. கரண்ட் போன நொடியில் இது எல்லாம் நின்றுவிடும், தீ மட்டும் உடனே நிற்காது. கிண்ணத்தில் கிடக்கும் பெல்லட் காற்றில்லாமல் கனன்று புகைந்துகொண்டே இருக்கும். தொல்லை முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

உங்களிடம் இருப்பது பெல்லட் கிரில் இல்லை, சுருள் சூடேறும் எலக்ட்ரிக் ஸ்மோக்கர் என்றால் தீப் பயம் குறைவு, கறிக் கவலை மட்டும்தான். கரி போட்டு, வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு குட்டி ஃபேன் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம், ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்றுத் துவாரத்தைக் கையால் திறந்து மூடி ஓட்டிவிடலாம். பல குட்டி ஃபேன்கள் பவர் பேங்கிலேயே ஓடும். ஹாப்பர் நிறையக் கரியை அடுக்கி மேலிருந்து கீழே எரியவிடும் வகைக்கு, கரண்ட் போனதும் கூடவே வந்த தகட்டைச் சொருகிக் காற்றை அடைத்துவிட வேண்டும். இதற்குமேல் நான் பேசுவது பெல்லட் கிரில்லைப் பற்றித்தான், நம் பக்கம் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் முழிப்பது அதில்தான்.

முதல் ஐந்து நிமிடம்

இன்வெர்ட்டர் இல்லாத எதிர் வீட்டில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் போனது ஊர் கரண்ட் இல்லை, உங்கள் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச்) விழுந்திருக்கலாம், அதை விழவைத்தது உங்கள் கிரில்லாகவே இருக்கலாம். மழையில் நனைந்த கிரில், உள்ளே ஈரம் இறங்கிய இக்னைட்டர், எலி கடித்த வயர், மொட்டைமாடியில் தண்ணீரில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவைதான் வழக்கமான காரணங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால் வீட்டு லைனில் கோளாறு இல்லை, கிரில்லில்தான் ஏதோ இருக்கிறது. கிரில்லைத் திரும்பச் சொருகிப் பற்றவைக்கும்போது மட்டும் விழுகிறது என்றால் இக்னைட்டர்மேல் சந்தேகம் வையுங்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஆர்சிசிபியைத் தாண்டி நேராக லைன் இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம், கையில் எண்ணெயும் காலில் ஈரமுமாக இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்.

தெரு முழுக்கப் போயிருந்தால் கிரில்லின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். போன கரண்ட் பலமுறை ஒரு நிமிடம் வந்து, மறுபடி போய், மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் குதிக்கும், அந்தக் குதியலில் முதலில் அடிபடுவது கண்ட்ரோலர் போர்டு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, கரண்ட் திரும்பும் இடத்தில் சொல்கிறேன்.

அப்புறம் மணி பார்த்து எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், விருந்தாளிகள் வந்த வீட்டில் எதுவும் மனதில் நிற்காது. கரண்ட் போன நேரம், அப்போது கறியின் நடுவில் இருந்த சூடு, இந்த இரண்டு எண்ணையும் வைத்துத்தான் அடுத்து வரும் எல்லா முடிவையும் எடுக்கப் போகிறோம். ஃபோனில் இருக்கும் கிரில் ஆப் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கரண்டோடு ரவுட்டரும் படுத்திருக்கும், ஆப் கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும், நீங்கள் 68 டிகிரி என்று நிம்மதியாக இருப்பீர்கள், கறி அங்கே ஆறிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் குத்து தெர்மாமீட்டர் ஒன்று தனியாக வேண்டும். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், மதுரை உயரத்துக்கு 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐஸ் தண்ணீரில் பூஜ்யம்.

தீ எங்கே போகிறது என்று பாருங்கள்

ஃபேன் ஓடும்வரை தீ மேலே போகும், புகை குழாய் வழியாக வெளியேறும். ஃபேன் நின்றதும் புகைக்கு எந்த வழி லேசோ அந்த வழி, சில சமயம் அது ஆகர் குழாய் வழியாகப் பின்பக்கம் ஹாப்பருக்குள் போகும் வழியாக இருக்கும். புகையின் பின்னாலேயே கங்கும் நகரும். ஆகருக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் பெல்லட் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு பின்னோக்கி வரலாம். எல்லாத் தடவையும் இப்படி நடக்காது, பெரும்பாலும் கிண்ணத்தில் இருப்பது தானாக எரிந்து அடங்கிவிடும், ஆனால் நடந்தால் ஹாப்பர் நிறையக் காய்ந்த மரம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே கறியைப் பற்றி யோசிக்கும் முன் ஹாப்பர் பக்கம் போய் நில்லுங்கள். மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா பாருங்கள், காற்று கிடைக்காவிட்டால் தீ முன்னேறாது. ஹாப்பரின் அடிப்பக்கத் தகட்டுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா பாருங்கள். வெயிலில் நிற்கும் கிரில் என்றால் தகடு எப்படியும் சுடும், அதனால் வெயில் படாத பக்கத்தில் பாருங்கள். மூடி இடுக்கில் மெல்லிய இழையாகப் புகை வந்தால் கொஞ்ச நேரம் கண்காணிப்பு போதும். புகை கெட்டியாகிக்கொண்டே போனால், பிளக் பிடுங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, சில மாடல்களில் பின்னால் இருக்கும் காலிசெய்யும் கதவைத் திறந்து பெல்லட்டை இரும்பு வாளியில் இறக்குங்கள். கதவு இல்லாவிட்டால் இரும்புக் கரண்டியால் அள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே மோட்டாரும் போர்டும் இருக்கிறது. அதோடு, நனைந்த பெல்லட் உப்பி மரத்தூளாகி ஆகருக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை. பக்கத்தில் ஒரு வாளி மணலும், முடிந்தால் காய்ந்த பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும். தீ கையை மீறினால் 101 அல்லது 112, அப்போது கறியை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஃபேன் இல்லாமல் கனலும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். மழை வருகிறதே என்று புகைகிற கிரில்லை உருட்டிக்கொண்டுபோய்க் கார் ஷெட்டுக்குள்ளோ படிக்கட்டின் கீழோ நிறுத்தக் கூடாது. நனைந்தால் நனையட்டும், மேலே தகரம் ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், தார்ப்பாய் உருகும்.

இனி கறி

தீ அடங்கிவிட்டது என்று தெரிந்தபிறகு கறிக்கு வருவோம். இங்கே கணக்கு எளிது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். சாதாரணமாக அந்த இடைவெளியில் உணவு இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பார்கள், வெளியே 32 டிகிரிக்குமேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மதுரையில் வருடத்தில் பெரும்பகுதி பகல் நேரம் 32ஐத் தாண்டித்தான் இருக்கிறது, ஆகவே நமக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதுபோகக் கறி புகைப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியின் நடுப்பகுதி நான்கு மணி நேரத்துக்குள் 60 டிகிரியைத் தொட்டுவிட வேண்டும். கரண்ட் போய் நின்ற நேரத்தையும் அந்த நான்கில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

"முழுத் துண்டுக்கு உள்ளே கிருமி இருக்காது, மேலேதானே இருக்கும், மேலேதான் வெந்துவிட்டதே" என்று ஒரு வாதம் வரும். மேல்நாட்டுக்காரர்கள் கத்தி படாமல் உப்பும் மிளகும் மட்டும் தடவி வைக்கும் மாட்டு நெஞ்சுக்கறிக்கு அது ஓரளவு பொருந்தும். நாம் என்ன செய்கிறோம்? மசாலா உள்ளே இறங்க வேண்டும் என்று எலும்பு வரை கீறுகிறோம், முள்கரண்டியால் குத்துகிறோம், தயிரில் ஊறப்போடுகிறோம். மேலே இருந்த கிருமியை நாமே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் விட்டிருக்கிறோம். ஆகவே நம் கறிக்கு நடுச்சூடுதான் கணக்கு.

நடுவில் 90 டிகிரியைத் தாண்டியிருந்தால் உங்கள் வேலை ஏறக்குறைய முடிந்தது. எடுத்து அலுமினிய ஃபாயிலில் இரண்டு சுற்றுச் சுற்றி, பழைய துண்டில் பொதிந்து, மூடி இறுக்கமான ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் முதலில் கொதிக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துக் கொட்டிவிட்டு வைத்தால் சூடு இன்னும் நிற்கும். பெரிய துண்டு என்றால் இப்படிச் சில மணி நேரம் 60க்குக் கீழே இறங்காமல் இருக்கும், கறியும் நன்றாக இளகும், உண்மையில் கரண்ட் போகாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். மீன் வந்த தெர்மோகோல் பெட்டியை எடுத்துவிடாதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை கறிக்கு வந்து சேரும்.

60க்கும் 90க்கும் நடுவில் இருந்தால் அவகாசம் இருக்கிறது. மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், ஒரு தடவை திறந்தால் உள்ளே தேங்கிய சூடு மொத்தமும் ஒரு நொடியில் மேலே போய்விடும். கறியில் செருகிய கம்பியின் மறுமுனை வெளியே பேட்டரி மீட்டரில் இருந்தால் திறக்காமலே எண்ணைப் பார்க்கலாம், இந்த வசதிக்காகவே அதை வாங்கலாம். 65, 70 வாக்கில் கறி மணிக்கணக்கில் அப்படியே நிற்பது எப்போதும் நடப்பதுதான், மேலே ஈரம் ஆவியாகிக்கொண்டிருப்பதால் சூடு ஏறாது, அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எண் இறங்க ஆரம்பித்து 63, 62 என்று வந்தால் காத்திருக்க வேண்டாம், அடுப்புக்கு மாற்றுங்கள்.

60க்குக் கீழே இருந்து, மேலே சொன்ன நேரக் கணக்கும் தாண்டவில்லை என்றால் நேராக அடுப்பு. யோசனையே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும், அரைவேக்காட்டுக் கறியை ஃப்ரிட்ஜில் வைப்பது எப்போதுமே தப்பு, கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னும் தப்பு. மூடியபடி இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும் ஃப்ரிட்ஜுக்குள் வெதுவெதுப்பான இரண்டு கிலோ கறியை வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் மாவும் சேர்ந்து போகும்.

கோழிக்கு இந்த நிதானமெல்லாம் கிடையாது. அது சின்னது, சூடு பிடித்து வைத்துக்கொள்ளாது. தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்டவில்லை என்றால் உடனே அடுப்பில் போட்டு அந்த 74ஐக் காட்டவையுங்கள். கொத்துக்கறியில் செய்த கபாப், கோலா உருண்டை மாதிரியானவற்றுக்கு 71.

அடுப்பில் முடிப்பது எப்படி

கிரில்லில் ஆரம்பித்ததை அடுப்பில் முடித்தால் ஏமாற்று வேலை என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களை விடுங்கள். புகை மணம் கறியில் ஏறுவது பெரும்பாலும் ஆரம்ப மணி நேரங்களில்தான், மேல்பரப்பு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது. இரண்டு மூன்று மணி நேரம் புகையில் இருந்த கறி தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்குமேல் அதற்குத் தேவை சூடு மட்டும்தான், அது பெல்லட்டிலிருந்து வந்ததா சிலிண்டரிலிருந்து வந்ததா என்று எலும்புக்குத் தெரியாது.

ஆட்டு முன்னந்தொடை என்றால் குக்கர்தான் கைகண்ட வழி. எலும்போடு இரண்டு மூன்று துண்டாக்கி, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, தட்டிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி போட்டு, அதன்மேல் கறியை உட்காரவைத்து மூடுங்கள். எத்தனை விசில் என்பது கறி எவ்வளவு வெந்திருக்கிறது, ஆடு இளசா முற்றலா என்பதைப் பொறுத்தது. பாதி வெந்தது என்றால் மூன்றில் நிறுத்திக் குத்திப் பாருங்கள், இன்னும் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு. குழைய விட்டுவிட்டால் புகையில் கட்டிய மேல்தோல் கரைந்துபோகும். இறக்கியதும் தண்ணீரை வடித்து, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கறியைப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டால் அந்தத் தோல் கொஞ்சம் திரும்பும். குக்கரில் இறங்கிய சாறைக் கொட்டிவிடாதீர்கள். புகை வாசத்தோடு இருக்கும் அந்தச் சாறில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் வரும் ரசம், கறியைவிட நன்றாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சியே இருக்கிறது.

துண்டாக்க மனமில்லை, முழுசாகத்தான் பரிமாற வேண்டும் என்றால் பிரியாணி அண்டாவை எடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர், அதில் முழுகாத உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிய கறி. மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டிச் சிறு தீயில் விட்டால் தம் மாதிரி மெதுவாக வேகும். கரியடுப்பு இருந்தால் கீழே கொஞ்சம், மூடிமேல் கொஞ்சம் கங்கு. முக்கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே கிடையாது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமெல்லாம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி நல்ல கனமாக, நின்று எரியும். கரிக்கடையில் ஒரு மூட்டை வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள். ஆனால் அந்தக் கரியை பெல்லட் கிரில்லுக்குள் கொட்டிப் பற்றவைக்கக் கூடாது. கொழுப்பு வடியும் தட்டுக்குக் கீழே அவ்வளவு தீ இருக்கும்படி அது செய்யப்படவில்லை, வடிந்த கொழுப்பு பற்றினால் கிரில்லும் போய்விடும். கரிக்குத் தனி அடுப்பு.

கரண்ட் வந்ததும்

எல்லாரும் கை தட்டுவார்கள். நீங்கள் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

கிண்ணத்தில் இப்போது என்ன கிடக்கிறது என்று யோசியுங்கள். பாதி எரிந்த பெல்லட், சாம்பல், ஒருவேளை நடுவில் உயிரோடு ஒரு கங்கு. இந்த நிலையில் ஆன் செய்தால் கண்ட்ரோலர் புதிதாகப் பற்றவைப்பதாக நினைத்து ஏற்கெனவே நிறைந்திருக்கும் கிண்ணத்தில் மேலும் பெல்லட்டைத் தள்ளும். அந்தக் குவியல் முதலில் தீப்பிடிக்காது, கெட்டியாக, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகையாகக் கக்கும். அந்தப் புகையே எரியக்கூடிய வாயுதான். மூடிய பெட்டிக்குள் அது நிரம்பி, பிறகு ஒரு பொறி விழுந்தால் 'டம்' என்று மூடி தூக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒருவர் குனிந்து மூடியைத் திறந்துகொண்டிருந்தால் புருவமும் முடியும் போவது லேசான பக்கம். அப்படிப் புகை கக்க ஆரம்பித்துவிட்டது என்றால் ஸ்விட்சை ஆஃப் செய்து தள்ளி நில்லுங்கள், புகை தெளியும்வரை மூடியில் கை வைக்க வேண்டாம்.

ஸ்விட்ச் ஆஃபில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பக்கவாட்டில் நின்று மூடியைத் திறந்து, கறி இன்னும் உள்ளே இருந்தால் எடுத்து மூடிய பாத்திரத்தில் வைத்து, கம்பிவலை, கொழுப்புத் தட்டு, அதன் கீழே இருக்கும் தகடு எல்லாவற்றையும் தடித்த கையுறை போட்டு வெளியே எடுங்கள். கிண்ணத்தில் இருப்பதை நீளக் கரண்டியால் அள்ளி இரும்பு வாளியில் போடுங்கள். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாமே என்று தோன்றும், சாம்பலுக்குள் ஒரே ஒரு கங்கு மறைந்திருந்தால் கிளீனரின் பைக்குள் தீப்பிடிக்கும், ஆறிய பிறகு செய்யுங்கள். எல்லாவற்றையும் திரும்ப வைத்து, மூடியைத் திறந்தபடியே, வழக்கமான ஆரம்ப முறைப்படி ஆன் செய்யுங்கள். ஃபேன் சத்தம் வருகிறதா, ஆகர் சுற்றுகிறதா என்று காது கொடுங்கள். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், அப்புறம் 'ஹோ' என்று தீ பிடிக்கும் சத்தம், புகை மெலிந்து நீலமாகும். அதன்பிறகு மூடி, 110 அல்லது 120 டிகிரி வந்ததும் கறி.

சில கண்ட்ரோலர்கள் ஓரிரு நிமிடக் கரண்ட் கட்டுக்குப் பிறகு தாமாகவே விட்ட இடத்திலிருந்து ஓடும், சில அணைந்தே கிடக்கும், சில முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்களுடையது எது என்று கையேட்டில் இருக்கும்.

ராத்திரிச் சமையல்

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகும் பெரிய துண்டை இரவே ஏற்றிவிட்டுத் தூங்குவது மேல்நாட்டு வழக்கம். புதியவர்களுக்கு நான் சொல்வது, இங்கே அதைச் செய்யாதீர்கள், இன்வெர்ட்டர் லைன் இல்லாமல் செய்யவே செய்யாதீர்கள். காலையில் எழுந்து பார்க்கும்போது கிரில் அணைந்து கிடக்கிறது, கறி 40 டிகிரியில் இருக்கிறது, எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அந்தக் கறியைக் குப்பையில் போட வேண்டியதுதான். இன்றைக்கு ஆட்டுக்கறி விற்கிற விலையில் வயிறு எரியும், பெரியவர்கள் "நல்லா கொதிக்கவச்சா எல்லாம் செத்துப்போகும்" என்பார்கள். கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரிச் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மோந்து பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது.

போகும் முன்பே செய்ய வேண்டியவை

நம்ம ஊரில் கரண்ட் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தி மதியத்திலோ சாயங்காலமோ விடுவதை முந்தைய நாளே செய்தித்தாளின் மதுரைப் பக்கத்தில் ஏரியா பெயரோடு போடுகிறார்கள், கறிக்குச் சொல்லும் முன் அதைப் பாருங்கள். சொல்லாமல் போவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு வரும் கோடை மழையிலும், ஆடிக் காற்றில் மரக்கிளை லைனில் விழும்போதும், ஐப்பசி மழையிலும். கோடையில் மதியம் ஆரம்பித்தால் சரியாக இடி நேரத்தில் கறி பாதியில் இருக்கும், அதனால் விடிகாலையில் ஏற்றி மதியச் சாப்பாட்டுக்கு இறக்குவது புத்திசாலித்தனம். புகார் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. "எப்ப வரும்ணே?" என்று கேட்டால் எங்கும் கிடைக்கும் பதில் "பத்து நிமிசம்" என்பதுதான், சொல்பவருக்கும் தெரியாது, அந்தப் பத்து நிமிடத்தை நம்பிக் கறியை விட்டுவைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பெல்லட் கிரில் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பது 50 வாட் சுற்றித்தான், ஒரு பழைய சீலிங் ஃபேனைவிடக் குறைவு. பற்றவைக்கும் முதல் சில நிமிடம் மட்டும் இக்னைட்டருக்காக 200, 300 வாட் போகும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட் மணி இருக்கிறது. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், வழியில் வீணாவதையும் கழித்தால் 700 என்று வையுங்கள். கிரில் மட்டும் என்றால் பத்து மணி நேரத்துக்குமேல் வரும். அதே பேட்டரியில் இரண்டு ஃபேனும் லைட்டும் ஓடினால் மூன்று மணி நேரம்தான், ஆகவே கறி உள்ளே இருக்கும்போது வீட்டில் ஒரு ஃபேனை நிறுத்தச் சொல்லி சண்டை போடலாம், அதற்கு நியாயம் இருக்கிறது. சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும், பழைய ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், கண்ட்ரோலர் கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் இடைவெளி குறையும், கண்ட்ரோலர் அணைந்து எழாது.

ஆனால் இதிலெல்லாம் ஒரு கொக்கி இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் லைன் போவது லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான், மொட்டைமாடியிலோ கொல்லைப்புறத்திலோ இருக்கும் பிளக் பாயிண்டுக்கு அது வந்திருக்காது. கீழே டியூப்லைட் எரிவதைப் பார்த்துவிட்டுக் கிரில்லும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தோடு ஒரு தனி பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. முழுச் சமையலையும் அதில் ஓட்டாவிட்டாலும், ஃபேனை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யும் நிறுத்த முறையையாவது ஒழுங்காக முடிக்கலாம், பின்னோக்கித் தீ வரும் பயம் அதோடு தீர்ந்தது.

அமெரிக்காவிலிருந்து யாராவது அனுப்பிய கிரில் என்றால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராக நம் 230இல் சொருகினால் ஒரே நொடிதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் குறைந்தது 500 விஏ வேண்டும். அப்போதும் ஏசி மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆகர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும், வெப்பம் ஏறத் தாமதமானால் கிரில் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், போர்டிகோ வெளி இல்லை. காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் குட்டி இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும் கிரில்லைத் தாங்கும், பற்றவைக்கத் தாங்காது.

பெல்லட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாய்லருக்கு என்று விற்கும் நிலக்கடலைத் தோல், மரத்தூள் பெல்லட் விலை குறைவுதான், அதில் பிளைவுட் தூளும் பசையும் கலந்திருக்கலாம், சாம்பல் வேறு அள்ளிக் கொட்டும். சாம்பல் நிறைந்த கிண்ணத்தில் கரண்ட் போய்த் திரும்பினால் நான் மேலே சொன்ன புகைக் கூத்து நிச்சயம்.

கறி வாங்கும்போதும் ஒரு யோசனை. நெல்பேட்டையிலோ உங்கள் தெருக் கடையிலோ முழு முன்னந்தொடை வாங்கினால், "பாய், மூட்டுல ரெண்டாப் பிரிச்சிடுங்க, சின்னத் துண்டு போட வேணாம்" என்று சொல்லி வாங்குங்கள். இரண்டாக இருந்தால் சீக்கிரம் 60ஐத் தாண்டும், கரண்ட் போனால் ஒவ்வொன்றும் வீட்டுக் குக்கரில் அடங்கும். உங்களிடம் இருக்கும் பெரிய பாத்திரத்தில் அடங்காத கறியை கிரில்லில் ஏற்றாதீர்கள், ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்காவது.

அடுத்த தடவை கறி எடுக்கும் முன், ஒரு சாயங்காலம் வெறும் கிரில்லைப் பற்றவைத்து 110 டிகிரிக்குக் கொண்டுவந்து, நீங்களாகவே பிளக்கைப் பிடுங்குங்கள். ஹாப்பர் பக்கம் புகை வருகிறதா, எவ்வளவு நேரத்தில் சூடு பாதியாகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சொருகி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கண்ட்ரோலர் தானாக ஓடுகிறதா, அணைந்தே கிடக்கிறதா, முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா பாருங்கள். முதலிலிருந்து ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, ஆறியதும் கிண்ணத்தைச் சுத்தம் செய்துவிடுங்கள். பார்த்ததை மார்க்கர் பேனாவால் ஹாப்பர் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள், நீங்கள் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போனால் வீட்டில் இருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.